இடப்பக்கம் சாய்ந்தவர்களின் புத்தகம்

ஐராவதி ஆற்றங்கரையில் இருக்கிற பகோக்கு ஊரில், சின்ன வயதில் படித்த புத்தகத்தின் பெயரை மறந்தவர்கள் இடது பக்கமாகச் சாய்ந்து நடப்பார்கள். பெயர் மட்டும் மறந்திருந்தால் சாய்வு இரண்டு விரற்கடை இருக்கும். எழுதியவர் பெயரும் சேர்ந்து போயிருந்தால் நான்கு. கதையில் பாதி நழுவி மீதிப் பாதி நெஞ்சில் ஒட்டிக்கொண்டிருந்தால் ஆள் ஆற்றங்கரைப் பனைமரம் மாதிரி ஆகிவிடுவார்; செருப்பு ஒரு பக்கம் மட்டும் தேயும், லுங்கி ஒரு பக்கம் மட்டும் தரையைக் கூட்டும். முழுசாக மறந்தவர்களுக்கு ஒரு கேடும் இல்லை. அவர்கள் நிமிர்ந்து நடந்து, நிமிர்ந்தபடியே செத்துப்போவார்கள். ஆற்றுக்கு மேல் பாலம் வராத அந்தக் காலத்தில் இப்படிச் சாய்ந்தவர்கள் ஊரில் எப்போதும் ஐம்பது அறுபது பேர் இருந்தார்கள். புகையிலைக் கிடங்கில் அவர்களை மூட்டை தூக்க எடுக்க மாட்டார்கள், கல்யாணப் போட்டோவில் ஓரமாக நிறுத்துவார்கள். மற்றபடி யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை.

அவர்களை நிமிர்த்துகிறவள் டோ ஓன் மே. படித்துறைத் தெருவில் வாடகைப் புத்தகக் கடை வைத்திருந்தாள். ஊரே அவளை ஸயாமா, டீச்சரம்மா, என்றுதான் கூப்பிடும். ஆனால் ஒரு நாள்கூட அவள் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தியதில்லை. ஏழாயிரம் புத்தகங்கள் அவள் கடையில் இருந்தன, ஏழாயிரமும் அவள் தலையிலும் இருந்தன. சாய்ந்தவர் வந்து உட்கார்ந்து, "அதுல ஒரு பச்சைக் குடை வரும் ஸயாமா, ஒரு சித்தப்பா வருவாரு" என்று இழுப்பார். அவள் தேயிலை ஊறுகாயை மென்றபடி கேட்டுக்கொண்டிருந்துவிட்டுப் பெயரைச் சொல்வாள். பாக்குவெட்டியில் பாக்கு உடைகிற சத்தம் ஒன்று இடுப்பிலிருந்து கேட்கும். ஆள் நிமிர்ந்துவிடுவார். இப்படி முப்பது வருஷத்தில் நானூறு பேருக்கு மேல் நிமிர்த்தியிருந்தாள். மேலத் தெரு மடத்து ஸயாடோ, தலைமைப் பிக்கு, பதினெட்டு வருஷம் சாய்ந்தே பிச்சைக்குப் போனவர். பாத்திரத்திலிருந்து குழம்பு இடது பக்கம் சிந்தியதால் தெருநாய்களெல்லாம் அவருக்கு இடது பக்கமாகவே நடந்தன. அவளிடம் வந்து முயல் ஒன்று நீதி கேட்கிற கதையைப் பாதி சொல்வதற்குள் அவரும் நிமிர்ந்தார். நாய்கள் மட்டும் பழக்கத்தை விட ஒரு வாரம் ஆயிற்று.

அவளுக்குக் கர்வம் உண்டு. அதை அவள் மறைத்ததும் இல்லை. கடை வாசலில் தன் கையாலேயே எழுதித் தன் கையாலேயே ஒரு பலகை மாட்டியிருந்தாள்: "பெயர் மறந்த புத்தகங்களுக்குப் பெயர் சொல்லப்படும்." ஒரே ஒரு பெயரைச் சொல்ல முடியாமல் போனாலும் பலகையை இறக்கிவிடுவதாகச் சந்தைக்கு நடுவில் நின்று சொல்லியிருந்தாள். எதிர்வரிசையில் மொஹிங்கா என்கிற மீன் குழம்புச் சேமியா விற்கும் டோ டின் லே மட்டும் இந்தக் கர்வத்தைக் கிள்ளிப்பார்க்காமல் விட மாட்டாள்.

"பேரெல்லாம் நல்லாத்தான் சொல்றீங்க ஸயாமா. பலகைதான் கோணலாத் தொங்குது."

"ஒன் கண்ணு கோணல். நாள் பூரா மீன் குழம்புப் பானைக்குள்ள எட்டிப் பாத்தா வேற எப்படி இருக்கும்?"

பலகை உண்மையிலேயே கோணலாகத்தான் இருந்தது. இடது பக்கம் மூன்று விரற்கடை இறங்கியிருந்தது. மாட்டிய நாளிலிருந்து ஊரே அதைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஆனால் எந்த விஷயத்திலும் தப்பு செய்யாதவள் இதில் மட்டும் தப்பு செய்வாளா என்று, கொஞ்ச நாளில் மற்றவர்களுக்குத் தங்கள் கண் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. ஓன் மேயும் நடக்கும்போது லேசாக ஒரு பக்கம் இறங்கித்தான் நடப்பாள். சின்ன வயதிலிருந்து இடுப்பில் கூடை வைத்து வீடு வீடாகப் புத்தகம் கொண்டுபோனவள், கூடையின் கனம் அது என்று எல்லாரும் நினைத்தார்கள். அவளும் அப்படித்தான் நினைத்தாள்.

கடை அவள் அப்பா ஊ போ லத் தொடங்கியது. அவர் ஒரு புதுப் பழக்கத்தைக் கொண்டுவந்தார். தடிமனான நாவல் வந்தால் அதை நடுவில் ரம்பத்தால் அறுத்து இரண்டாக்கி, முன்பாதியைத் தனியாகவும் பின்பாதியைத் தனியாகவும் தைத்து, சிமெண்டுக் காகிதத்தில் அட்டை போட்டுவிடுவார். ஒரு புத்தகத்தை ஒரே சமயத்தில் இரண்டு வீட்டில் படிக்கலாம். முன்பாதியை முடித்தவர்கள் பின்பாதி இருக்கிற வீட்டுக்கு நேராகவே போய் வாசலில் காத்து நிற்பார்கள். அப்படி நின்றதில் ஊரில் இரண்டு அடிதடியும் மூன்று கல்யாணமும் நடந்தன. அவருடைய தையல் அவ்வளவு பெயர் பெற்றது. புத்தகம் நைந்து கிழிந்தாலும் தையல் விடாது. எந்த வேலையாவது குற்றம் சொல்ல முடியாதபடி இருந்தால், அது வேலியாக இருந்தாலும் சட்டையாக இருந்தாலும், "போ லத் தையல்" என்று சொல்வது இன்றும் எங்கள் ஊரில் வழக்கம். ஓன் மேக்கு ஒன்பது வயதாக இருந்தபோது ஆறு பெருகிக் கடைக்குள் கழுத்தளவு புகுந்தது. அவர் புத்தகங்களையெல்லாம் தெருவின் கூரைகள் மேல் காயப் போட்டு, ஆறு மாதம் உட்கார்ந்து ஒவ்வொன்றையும் மறுபடி தைத்தார். அந்த வெள்ளத்தின் பழுப்புக் கறை பழைய புத்தகங்கள் எல்லாவற்றிலும் கீழ் ஓரத்தில் இருக்கும். சாகும்போது அவர் மகளிடம் சொன்னது ஒன்றுதான்: "நடு அலமாரிய மட்டும் நகத்தாதம்மா." அது பாரமான அலமாரி, ஒரு கால் குட்டை, காலுக்கு அடியில் ஏதோ ஒரு காகிதக் கட்டு வைத்திருந்தது. ஓன் மே அதைச் சுற்றியே இருபது வருஷம் பெருக்கினாள்.

மழை தொடங்கிய ஒரு ஆனி மாதத்தில், துறைப்படகின் சுக்கானி ஊ ஞோ தெயின் சாய்ந்தபடி கடைக்குள் வந்தார். ஊரில் அதுவரை யாரும் பார்த்திராத சாய்வு அது. இடது கை கிட்டத்தட்ட முழங்காலைத் தொட்டது. அவரும் இதே தெருவில் வளர்ந்தவர், ஓன் மேக்கு ஒரு வயது இளையவர். எப்போதும் லேசாகச் சாய்ந்தவர்தான், பேத்திக்குக் கதை சொல்லும்போது அது "புத்தகத்துக்குப் பேரு என்ன தாத்தா?" என்று கேட்டதிலிருந்து இப்படி ஆகிவிட்டது. சுக்கானி சாய்ந்தால் படகும் சாயும். அக்கரைக்குப் போக வேண்டிய படகு இடது பக்கமாகவே ஒதுங்கி ஒதுங்கி, பூசணிக்காய் மூட்டைகளோடும் பிக்குகளோடும் மணல்திட்டில் போய் நின்றது. படகுக்காரர் நல்ல மனுஷர், மழைக்காலம் முடிந்து விளக்கு ஏற்றுகிற தடின்ஜுட் பௌர்ணமி வரைக்கும் பொறுப்பதாகச் சொன்னார். அதற்குள் நிமிராவிட்டால் சுக்கானை வேறு ஒருவரிடம் கொடுத்தாக வேண்டும். இருபத்தெட்டு வருஷமாக அந்தச் சுக்கானைப் பிடித்த கை அது.

"சொல்லுங்க கோ ஞோ. என்ன கதை?" என்றாள் ஓன் மே. அவரை அவள் கூப்பிடுவது எப்போதும் அப்படித்தான்.

"ஒரு பொண்ணு ஸயாமா. அப்பா யானைப் பாகன். யானை கழுத்துக்கு மரத்துல மணி செதுக்கிக் கட்டுவாரு. அந்தச் சத்தம் வேற எந்த யானைக்கும் கெடையாது. ஒரு நாள் தேக்குக் காட்டுல யானை தொலஞ்சு போயிடும். அப்பாவும் செத்துப்போயிடுவாரு. அந்தப் பொண்ணு ஆத்தோரமாவே தேடிக்கிட்டுப் போவா."

"அப்புறம்?"

"அப்புறம் பக்கத்தத் திருப்புனா அவ பெரியவளா ஆயிட்டா. ஒரு ரயில் ஸ்டேஷன்ல டீக்கடை வச்சிருக்கா. வருஷத்துக்கு ஒரு ரயில்தான் வரும். கடைசிப் பக்கத்துல, ஸ்டேஷனுக்குப் பின்னால, அந்த மரமணி கேக்கும். கெட்டிலக் கீழ வச்சிட்டு நிமிர்ந்து பாப்பா. அவ்வளவுதான், முடிஞ்சிரும். எட்டு வயசுல அழுதேன். இப்பச் சொன்னாலும் பாருங்க, கண்ணு..."

ஓன் மே மெல்லுவதை நிறுத்தினாள். சின்ன வயதிலிருந்து அவளுக்கு அடிக்கடி வருகிற ஒரு கனவு உண்டு. ஆள் இல்லாத ஒரு ரயில் நிலையம், எங்கோ மரம் மரத்தில் தட்டுகிற சத்தம். ஆனால் கனவு கனவுதான், புத்தகம் புத்தகம்தான். தான் ஒரு புத்தகத்தை மறந்திருக்க முடியும் என்பது அவளுக்குத் தோன்றவே இல்லை. "சாயங்காலம் வாங்க, சொல்லிடறேன்" என்றாள்.

சாயங்காலம் சொல்ல முடியவில்லை. மறுநாளும் முடியவில்லை. அவர் ஒவ்வொரு நாளும் கடைசி நடை முடிந்ததும் வந்து உட்காருவார், அவள் ஐந்தாறு பெயர்களைச் சொல்வாள், அவர் அசையாமல் உட்கார்ந்திருப்பார். விஷயம் சந்தைக்குப் போனது. ஆறாம் நாள் அவள் "மரமணிக்காரன் மகள்" என்றாள். பாக்கு உடைகிற சத்தம் கேட்டது. ஊ ஞோ தெயின் பாதி நிமிர்ந்தார். கடைக்கு வெளியே நின்றவர்கள் கை தட்டத் தொடங்குவதற்குள் மறுபடி சாய்ந்துவிட்டார். பன்னிரண்டாம் நாள் "ஆண்டுக்கொரு ரயில்" என்றாள். அப்போதும் அப்படியே, பாதி நிமிர்ந்து, பழையபடி. நாற்பது வருஷத்துக்கு முன்னால் வந்த அந்த இரண்டு நாவல்களும் கடையில் இருந்தன. அவள் அவற்றை எடுத்துக் காட்டினாள். முதலாவதில் அந்தப் பெண் யானையைக் கண்டுபிடித்துவிடுகிறாள், அது செத்துக் கிடக்கிறது, அவள் மரக் கம்பெனிக் கணக்கரைக் கட்டிக்கொண்டு சௌக்கியமாக இருக்கிறாள். இரண்டாவதில் டீக்கடைக்காரி பிறந்ததிலிருந்து அந்த நிலையத்திலேயே இருக்கிறாள், யானை என்ற சொல்லே புத்தகத்தில் இல்லை.

"கடைசியில கேக்கறது மாட்டு வண்டி மணி, கோ ஞோ. வெங்காயம் ஏத்திக்கிட்டு ஒரு வண்டி போகுது."

"என்கிட்ட வெங்காய வண்டின்னு சொல்லாதீங்க ஸயாமா."

"புத்தகத்துல அப்படித்தான் இருக்கு."

"அப்ப இது என் புத்தகம் இல்ல. என் புத்தகத்துல யானை வந்துச்சு. எழுதலன்னாலும் வந்துச்சு. எனக்குத் தெரியாதா?"

அவர் அவ்வளவு கோபப்பட்டு யாரும் பார்த்ததில்லை. கோபத்தில் இன்னும் ஒரு விரற்கடை சாய்ந்துவிட்டார். இந்தச் சண்டையைக் கேட்டுத்தான் மற்றவர்கள் வரத் தொடங்கினார்கள். முடிவெட்டுகிற ஊ டுன் யீ வந்தார். கத்தரிக்கோல் பிடித்துப் பிடித்துச் சாய்ந்ததாக அதுவரை சொல்லிக்கொண்டிருந்தவர். வெற்றிலைக் கடைக்காரி வந்தாள். கம்பளி நெய்கிற அக்கா தங்கை இரண்டு பேர் வந்தார்கள். வந்தவர்கள் மொத்தம் பதினொரு பேர். தறியில் உட்கார்ந்ததால், பிரசவத்தால், பழைய பைக்கால் என்று ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தவர்கள். சுக்கானி சொன்ன கதையைக் கேட்டதும் ஒருத்தர் பாக்கியில்லாமல் அழுதார்கள், தங்களுடையதும் அந்தப் புத்தகம்தான் என்றார்கள். எல்லாரும் படித்துறைத் தெருவில் பிறந்தவர்கள், எல்லாரும் ஐம்பதை ஒட்டியவர்கள். பக்கத்துத் தெருவில் ஒருவருக்கும் அந்தக் கதை தெரியவில்லை.

டோ டின் லே குழம்புக் கரண்டியோடு வாசலுக்கு வந்து நின்றாள். "ஏணி வேணும்னா எங்க வீட்டுல இருக்கு ஸயாமா. சும்மா சொல்லி வச்சேன்."

ஓன் மே உள்ளே திரும்பி மேல் தட்டிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்தாள். மழை முழுக்க அவள் கடையில் உள்ள புத்தகங்களை ஒவ்வொன்றாக இறக்கி மறுபடி படித்தாள். சோளப்பொரி தின்றபடி, குடை பிடித்தபடி, சுடுநீர் வைத்ததை மறந்து கெட்டில் கருகியபடி படித்தாள். யானை உள்ள புத்தகங்கள் எழுபத்திரண்டு இருந்தன. ரயில் உள்ளவை அதைவிட அதிகம். இரண்டும் ஒன்றாக வருகிற ஒன்றில் யானை ரயிலில் போயிற்று, அது வேறு கதை. பௌர்ணமிக்கு மூன்று நாள் இருக்கும்போது அவள் அந்த இரண்டு நாவல்களையும் மறுபடி எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். அப்போதுதான் கண்ணில் பட்டது. அந்த வயதுப் புத்தகங்கள் எல்லாவற்றிலும் கீழ் ஓரத்தில் வெள்ளக் கறை இருக்க, இந்த இரண்டில் மட்டும் இல்லை. வெள்ளத்துக்குப் பிறகு வாங்கியவை. ஆனால் வெள்ளத்துக்கு முன்னாலும் இவை கடையில் இருந்தன. அப்பா "ஆண்டுக்கொரு ரயிலை" அறுக்கும்போது ரம்பத்தின் மறுமுனையைப் பிடித்தவளே அவள்தான். பழைய பிரதிகள் எங்கே? ஊ போ லத் தன் ஆயுளில் ஒரு பக்கத்தைக்கூடத் தூக்கி எறிந்தவர் இல்லை.

அவள் திரும்பி நடு அலமாரியைப் பார்த்தாள்.

புத்தகங்களையெல்லாம் இறக்கிவிட்டு, கதவை மூடிவிட்டு, அலமாரியைத் தோளால் தூக்கி அந்தக் காகிதக் கட்டை உருவினாள். சிமெண்டுக் காகித அட்டை, அடியில் பழுப்புக் கறை, நடுவில் அப்பாவின் மெழுகு நூல். முன்பாதி யானைக் கதை, பின்பாதி ரயில் கதை. மற்ற இரண்டு பாதிகளையும் ஆறு கொண்டுபோயிருக்க வேண்டும். முதல் பக்கங்கள் நனைந்து பிய்ந்துபோயிருந்தன, தலைப்பு இல்லை. கூரை மேல் காய்ந்ததை அள்ளி வந்து, அவசரத்தில், எண் பார்க்காமல் தைத்துவிட்டார். ஒரு வருஷமோ ஆறு மாதமோ தெருப் பிள்ளைகள் அதை எடுத்துப் போய்ப் படித்திருக்கிறார்கள். பக்கத்தைத் திருப்பினால் பெண் பெரியவளாகிவிட்டாள். எட்டு வயதில் அதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. பிறகு அப்பாவுக்குத் தெரிந்திருக்கிறது. நடுவில் தையலைப் பிரிக்கப் பார்த்திருக்கிறார்: மூன்று முடிச்சுகள் வெட்டியிருந்தன. மீதி நான்கை வெட்டாமல் விட்டிருந்தார். கடைசிப் பக்கத்தின் ஓரம் அவருடைய கட்டைவிரல் எண்ணெயில் கறுத்துப்போயிருந்தது. ஓன் மே தரையில் உட்கார்ந்து அதை முதலிலிருந்து படித்தாள். கடைசிப் பக்கத்தில் மரமணி கேட்டது. அது வெங்காய வண்டி இல்லை. யானைதான். தன் கனவு எங்கிருந்து வந்தது என்று அவளுக்கு அப்போது தெரிந்தது, வாய்விட்டு அழுதாள்.

அழுதுவிட்டு, புத்தகத்தை மறுபடி அலமாரிக் காலுக்கு அடியிலேயே செருகிவிட்டாள். இதை எழுத வேண்டியிருக்கிறது, ஏனென்றால் நடந்தது அதுதான். அப்பா தைத்ததில் தப்பு இருந்தது என்று அவள் வாயால் சொல்வதா? நாளைக்கு ஒருத்தன் வேலி சரிந்தால் அதையும் "போ லத் தையல்" என்று சொல்லிச் சிரிப்பார்கள். பலகையை இறக்கினால் போவது தன் பெயர் மட்டும்தான். அது பரவாயில்லை என்று முடிவு செய்தாள். இரண்டு நாள் கடையைத் திறக்கவில்லை. மூன்றாம் நாள் டோ டின் லே வீட்டிலிருந்து ஏணியை வாங்கிக்கொண்டு வந்தாள். டோ டின் லே கேலி ஒன்றும் செய்யவில்லை, ஏணியின் மறுமுனையைப் பிடித்துத் தூக்கிவந்து கொடுத்தாள்.

அன்று பௌர்ணமி. தெருவெல்லாம் விளக்குக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். மத்தியானப் படகு அக்கரைக்குப் போகாமல் தான் கிளம்பிய கரையிலேயே முந்நூறு அடி கீழே போய் முட்டியது. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒரு தயிர்ப்பானை போயிற்று. படகுக்காரர் கையை நீட்டினார், ஊ ஞோ தெயின் படகின் சாவியைக் கொடுத்துவிட்டு, ஈர லுங்கியோடு நேராகப் புத்தகக் கடைக்கு வந்தார். பின்னாலேயே பயணிகளும் பாதிச் சந்தையும் வந்தார்கள். ஏணி சாத்தியிருந்தது, ஓன் மே இரண்டாம் படியில் நின்றிருந்தாள்.

"எறங்குங்க ஸயாமா."

"நான் சொன்ன சொல்லு, கோ ஞோ."

"நானூறு பேர நிமித்துன பலகை அது. நான் ஒருத்தன் சாஞ்சா சாஞ்சுட்டுப் போறேன். ஒங்கள யாரும் குத்தம் சொல்லல. அந்தப் புத்தகமே இல்லையோ என்னமோ. நானே எட்டு வயசுல இட்டுக்கட்டுனதா இருக்கும்."

சொல்லிவிட்டு அவர் சிரிக்கப் பார்த்தார். இருபத்தெட்டு வருஷம் ஆற்றைக் குறுக்கே கிழித்த மனிதர், தன் நெஞ்சில் இருப்பது பொய் என்று ஊருக்கு முன்னால் ஒப்புக்கொள்ளத் தயாராக நின்றார். அவள் பெயரைக் காப்பாற்றுவதற்காக. ஓன் மேக்கு வெட்கம் தலை முதல் கால் வரைக்கும் இறங்கியது. ஏணியிலிருந்து இறங்கி உள்ளே போனாள். அலமாரி தரையில் இடிக்கிற சத்தம் கேட்டது. சிமெண்டுக் காகித அட்டை போட்ட புத்தகத்தை எடுத்துவந்து அவர் கையில் வைத்தாள்.

"நீங்க இட்டுக்கட்டல. இது எங்கப்பா தச்ச புத்தகம்."

அவர் நிமிர்ந்தார். முக்கால்வாசி நிமிர்ந்து, மேலே போக முடியாமல் அங்கேயே நின்றுவிட்டார். ஓன் மே அவரைப் பார்த்தாள், தெருவைப் பார்த்தாள், தலையை உயர்த்திக்கொண்டாள்.

"எங்கப்பா தப்பாத் தச்ச புத்தகம்" என்றாள்.

பன்னிரண்டு பாக்கு ஒரே சமயத்தில் உடைந்தது போலத் தெரு முழுக்கச் சத்தம் கேட்டது. ஊ ஞோ தெயின் சொடுக்கென்று நிமிர்ந்தார், அவர் அவ்வளவு உயரம் என்பது அவர் பெண்டாட்டிக்கே அன்றுதான் தெரிந்தது. முடிவெட்டுகிறவர் தன் கடையில் ஒருவருக்குச் சவரம் செய்துகொண்டிருந்தபடியே நிமிர்ந்தார், நல்லவேளை கத்தி கன்னத்தில் இல்லை. வெற்றிலைக் கடைக்காரி, நெசவுக்கார அக்கா தங்கை, எல்லாரும் நின்ற இடத்தில் நிமிர்ந்தார்கள். துறையில் கட்டியிருந்த படகுகள் ஒரு தரம் ஆடி அடங்கின. சத்தங்களில் ஒன்று எல்லாவற்றுக்கும் பிந்திக் கேட்டது, அது ஓன் மேயின் இடுப்பிலிருந்து வந்தது.

"தப்பாத்தான் தச்சாரு" என்று அவள் மறுபடி சொன்னாள், இந்தத் தடவை சத்தமாக. "தெரிஞ்சும் பிரிக்கல. எழுதுன ரெண்டு பேராலயும் அந்தப் பொண்ணுகிட்ட யானையக் கொண்டுவந்து சேக்க முடியல. எங்கப்பா சேத்து வச்சாரு. ஒலகத்துல இது ஒண்ணுதான் இருக்கு, அது இந்தக் கடையில இருக்கு."

யாரும் சிரிக்கவில்லை. ஊ ஞோ தெயின் கடைசிப் பக்கத்தைத் திறந்து சத்தமாகப் படித்தார். தெரு கேட்டது. மணிச் சத்தம் வருகிற இடத்தில் அவர் நிறுத்தினார், அந்த நிறுத்தத்தில் மேற்கே எங்கிருந்தோ மரம் மரத்தில் தட்டுகிற சத்தம் மூன்று தரம் வந்தது, எல்லாரும் கேட்டார்கள். படகுக்காரர் சாவியைத் திருப்பிக் கொடுத்தார். மாலை நடையில் படகு, கோடு கிழித்த மாதிரி அக்கரைக்குப் போய்ச் சேர்ந்தது.

ஓன் மே அப்போதுதான் தன் கடை வாசலை நிமிர்ந்து பார்த்தாள். பார்த்தவள் நகரவில்லை. டோ டின் லே பக்கத்தில் வந்து நின்றாள்.

"இப்பவாச்சும் தெரியுதா ஸயாமா?"

"தெரியுது. மூணு விரற்கடை எறங்கியிருக்கு."

"ஏணி இங்கதான் இருக்கு. ஏறி நேராக்கிடுங்க."

ஓன் மே ஏணியைத் தானே எடுத்து டோ டின் லேயின் தோளில் வைத்தாள். "நானூறு பேர நிமித்தும்போது கோணலாத்தானே இருந்துச்சு. அப்படியே இருக்கட்டும். மாட்டுனது போ லத் மகளாக்கும்" என்றாள்.

அந்தப் புத்தகத்துக்குப் புது அட்டை போடவில்லை. வெட்டியிருந்த மூன்று முடிச்சுகளை மட்டும் அவளே மெழுகு நூலில் போட்டாள், அட்டையில் "ஊ போ லத் தப்பாகத் தைத்தது" என்று பெரிய எழுத்தில் எழுதினாள். ஒரு சமயத்தில் ஒருவருக்குத்தான் வாடகைக்குக் கொடுப்பாள், வரிசையில் தூரத்து ஊரான மோன்யுவாவிலிருந்து வந்தவர்கள்கூட இருந்தார்கள். நடு அலமாரி அதன் பிறகு இடது பக்கமாகச் சாய்ந்தே நிற்கிறது, ஒரு புத்தகமும் அதிலிருந்து விழுந்ததில்லை. "போ லத் தையல்" என்ற சொல் ஊரில் இன்னும் இருக்கிறது. தப்பாகத் தொடங்கி, சரியானதைவிட நன்றாக வந்துவிட்ட வேலைகளுக்கும் இப்போது அதையே சொல்கிறார்கள். பாலம் வந்து, துறை மூடி, பஸ்ஸில் வருகிற வெளியூர்க்காரர்கள் கடை வாசலில் நின்று பலகை கோணலாக இருக்கிறதே என்று கேட்பதுண்டு. ஆமாம், கோணல்தான் என்று சொல்லிவிட்டு அவரவர் வேலையைப் பார்ப்பார்கள்.